நிலத்தை எடுக்காமலேயே நிலத்துக்குச் சேதம் வந்தால்: அரசுத் திட்டங்களும் இழப்பீடும், ஓர் எளிய அறிமுகம்

அரசு ஒருவருடைய நிலத்தைச் சாலைக்காகவோ அணைக்காகவோ முழுவதுமாக எடுத்துக்கொண்டால் அதற்குப் பணம் தர வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். பட்டாவிலும் பத்திரத்திலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், நிலத்தின் பயனை மட்டும் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. தென்னந்தோப்பின் நடுவே உயர் மின்கோபுரம் எழுகிறது. வயலுக்கு அடியில் எரிவாயுக் குழாய் பதிக்கப்படுகிறது. புதிய சாலை ஒரே பூமியை இரண்டாகப் பிரித்துக் கிணற்றை ஒரு பக்கத்திலும் நஞ்சையை மறுபக்கத்திலும் விட்டுவிடுகிறது. கால்வாய்க் கரை உடைந்து விளைநிலத்தில் மணல் மேடிடுகிறது. இவை எல்லாவற்றிலும் நிலத்தின் உரிமையாளர் உரிமையாளராகவே இருக்கிறார், தீர்வையும் அவரே கட்டுகிறார், ஆனால் அவர் கையில் இருப்பது முன்பிருந்த அதே நிலம் அன்று.

இத்தகைய இழப்புகளுக்கு இந்தியச் சட்டத்தில் தீர்வு உண்டு. ஆனால் அது ஒரே சட்டத்தில் இல்லை. இழப்பு எப்படி ஏற்பட்டது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும், அணுக வேண்டிய அலுவலகம் மாறும், கெடுவும் மாறும். ஆகவே "எவ்வளவு கிடைக்கும்" என்ற கேள்விக்கு முன்னால் "என்னிடமிருந்து எது போயிற்று" என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். நிலமே போயிற்றா, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையில் ஒரு பகுதி போயிற்றா, அல்லது உரிமை எதுவும் போகாமல் அரசின் கவனக்குறைவால் சேதம் மட்டும் நேர்ந்ததா என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அரசியலமைப்பு என்ன சொல்கிறது

1950இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சொத்துரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக இருந்தது. 1978ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட 44ஆவது திருத்தம் அதை அந்த வரிசையிலிருந்து எடுத்து, 300-ஏ என்ற தனிப் பிரிவில் வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பதே அந்தப் பிரிவின் சாரம். இழப்பீடு தர வேண்டும் என்று அதில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. இதைக் காட்டி, சட்டம் ஒன்றை இயற்றிவிட்டால் பணம் கொடுக்காமலும் எடுக்கலாம் என்று வாதிட இடம் இருந்தது. கே.டி. பிளான்டேஷன் வழக்கில் 2011ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பொதுநோக்கமும் இழப்பீடும் அந்தப் பிரிவுக்குள் உள்ளுறையாக இருப்பவையே என்று விளக்கியது. கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2024 மே மாதம் வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, சொத்துரிமைக்குள் ஏழு துணை உரிமைகள் அடங்கியிருப்பதாகக் கூறியது. முன்னறிவிப்புப் பெறுவது, ஆட்சேபணையைச் சொல்வது, காரணத்துடன் கூடிய முடிவைப் பெறுவது, பொதுநோக்கம் இருப்பது, நியாயமான இழப்பீடு பெறுவது, நடவடிக்கை தாமதமின்றி நடப்பது, அது முறையாக முடிவுக்கு வருவது ஆகியவையே அவை.

அரசு எந்தச் சட்டத்தையும் பின்பற்றாமல் நிலத்தில் இறங்கிவிட்டாலும் இந்தப் பிரிவே துணை நிற்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68இல் சாலை போடுவதற்காக ஒரு பெண்ணின் நிலத்தை எந்த எடுப்பு நடவடிக்கையும் இல்லாமல் அரசு எடுத்துக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் பல பத்தாண்டுகள் கழித்து நீதிமன்றத்துக்கு வந்தபோது, இத்தனை ஆண்டுகள் நிலம் தன் வசம் இருந்ததால் எதிரிடை அனுபோகத்தின் பேரில் தனக்கே சொந்தமாகிவிட்டது என்று அரசு வாதிட்டது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. குடிமக்களின் நிலத்தை எதிரிடை அனுபோகத்தால் அபகரிக்க மக்கள்நல அரசை அனுமதிக்க முடியாது என்றும், இத்தகைய வழக்கில் தாமதத்தைக் காரணம் காட்டி நீதியை மறுக்க முடியாது என்றும் கூறி, இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாலையை அனுபவித்த ஓர் அரசு இப்படி வாதிடத் துணிந்தது என்பது, இந்தத் துறையில் உரிமையாளர் எவ்வளவு விழிப்புடன் இருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

ஒரு பகுதியை எடுத்து, மீதியைக் கெடுப்பது

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில், எடுக்கப்படும் நிலத்தின் சந்தை மதிப்போடு சேர்த்துக் கணக்கிட வேண்டிய இழப்புகளை 28ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. சுவாதீனம் எடுக்கும்போது நிலத்தில் நின்ற பயிர்களும் மரங்களும் முதலில் வருகின்றன. அடுத்து, எடுத்த பகுதியை மீதி நிலத்திலிருந்து துண்டித்ததால் ஏற்படும் சேதம் வருகிறது. அதையடுத்து, இந்த எடுப்பினால் உரிமையாளரின் மற்றச் சொத்துக்கும் வருமானத்துக்கும் நேரும் கெடுதல் வருகிறது. குடியிருப்பையோ தொழிலிடத்தையோ மாற்ற வேண்டியிருந்தால் அதற்கான நியாயமான செலவும் இதில் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, மூன்று ஏக்கர் நிலத்தின் நடுவே அரை ஏக்கர் மட்டும் சாலைக்குப் போகிறது என்று கொள்வோம். கிணறு கிழக்கே நின்றுவிட்டது, மேற்கே உள்ள ஒன்றரை ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சாலைக்கு அடியில் குழாய் போட வேண்டும், டிராக்டர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அரை ஏக்கரின் விலை மட்டுமே உரிமையாளருக்குச் சேர வேண்டியது என்று நினைப்பது தவறு. மீதி நிலத்தின் மதிப்புக் குறைவையும் அவர் கேட்கலாம். ஆனால் அதைத் தனிக் கோரிக்கையாக, காரணத்தோடும் கணக்கோடும் எழுத்தில் வைத்தால்தான் நில எடுப்பு அதிகாரி அதைத் தம் இழப்பீட்டுத் தீர்ப்பில் எடுத்துக்கொள்வார். எழுதாத இழப்பு கணக்கில் வருவதில்லை. வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வந்தால், முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் உரிமையை அதே சட்டத்தின் 94ஆவது பிரிவு தருகிறது என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. தேசிய நெடுஞ்சாலைக்கான எடுப்பு 1956ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் நடந்தாலும், துண்டிப்புச் சேதம், மற்றச் சொத்துக்கு நேரும் கெடுதல் ஆகியவற்றுக்கு அங்கும் இடம் உண்டு. அங்கே தொகையில் உடன்பாடு இல்லாதவர் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் செல்ல வேண்டும்.

நிலத்தின் விலை வேறு, அதில் நிற்கும் பயிரின் விலை வேறு என்பதற்கு அண்மைக்காலச் சான்று கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துக்காக முன்பே எடுக்கப்பட்டிருந்த நிலங்களில் விவசாயிகள் தொடர்ந்து பயிர் செய்துவந்த நிலையில், 2023 ஜூலை இறுதியில் பரவனாற்றுக் கால்வாய்ப் பணிக்காக வளையமாதேவியில் இயந்திரங்கள் இறக்கப்பட்டு, வளர்ந்து நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டது. நிலம் சட்டப்படி நிறுவனத்துடையது என்ற வாதம் இருந்தபோதும், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

உரிமை உங்களுடையது, உபயோகம் அவர்களுடையது

மின்கோபுரமும் குழாய்ப்பாதையும் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் பெரும் போராட்டங்களுக்குக் காரணமாக இருந்தவை. இவற்றுக்கு நிலம் எடுக்கப்படுவதில்லை, உபயோக உரிமை மட்டுமே எடுக்கப்படுகிறது.

மின்பாதைகளுக்கு அடிப்படையாக இருப்பது 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நடுவதற்காக வெள்ளையர் ஆட்சி தனக்கு வகுத்துக்கொண்ட அதிகாரத்தை, 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 164ஆவது பிரிவின் வழியாக, மின்பாதை அமைக்கும் நிறுவனத்துக்கு அரசு வழங்கலாம். தந்திக் கம்பத்துக்கும் நூறடிக்கு மேல் உயரும் இரும்புக் கோபுரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்தால் இந்த ஏற்பாடு வியப்பாகவே இருக்கிறது. எனினும் சட்டம் அப்படித்தான் நிற்கிறது. இந்த அதிகாரம் பெற்ற நிறுவனம் உரிமையாளரின் முன்சம்மதத்தைப் பெற வேண்டிய கட்டாயமில்லை என்று பவர் கிரிட் நிறுவனத்துக்கும் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தந்திச் சட்டத்தின் 10ஆவது பிரிவு இரண்டு கட்டுப்பாடுகளையும் விதிக்கிறது. நிறுவனத்துக்கு உபயோக உரிமையைத் தவிர வேறு உரிமை எதுவும் கிடைக்காது என்பது ஒன்று. இயன்றவரை குறைந்த சேதத்தோடு வேலை செய்து, ஏற்பட்ட சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்பது மற்றொன்று.

உரிமையாளர் வேலையைத் தடுத்தால் நிறுவனம் மாவட்ட ஆட்சியரிடம் செல்லும். அவர் 16ஆவது பிரிவின் முதல் உட்பிரிவின் கீழ் விசாரித்து அனுமதி தரலாம். இழப்பீடு போதவில்லை என்றால் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவின் கீழ் மாவட்ட நீதிபதியிடம் செல்ல வேண்டும். இவ்விரண்டும் வேறு வேறு பாதைகள். கோபுரம் வருவதைத் தடுக்க முடியவில்லை என்பதால் தொகையைக் கூட்டிக் கேட்கும் உரிமை போய்விடாது. ஆட்சியர் முன்னால் தோற்ற பிறகு, எல்லாம் முடிந்துவிட்டது என்று கருதி மாவட்ட நீதிமன்றத்தின் பக்கமே போகாமல் விட்டுவிடக் கூடாது.

"முழு இழப்பீடு" என்றால் எவ்வளவு? இங்கேதான் நீண்ட காலமாகச் சிக்கல் இருந்தது. வெட்டிய மரத்துக்கும் அழிந்த பயிருக்கும் மட்டும் பணம் கொடுத்துவிட்டு, நிலத்தின் மதிப்பு குறைந்ததைக் கணக்கில் எடுக்காமல் விடுவது வழக்கமாக இருந்தது. மத்திய மின்துறை அமைச்சகம் 2015 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பிகளுக்குக் கீழே உள்ள வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் தரலாம் என்றது. 2024 ஜூனில் இது திருத்தப்பட்டு, கோபுரத்தின் அடிப்பரப்புக்கு 200 சதவீதம், வழித்தடத்துக்கு 30 சதவீதம் என்று உயர்த்தப்பட்டது. கோபுரத்தின் நான்கு கால்களுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் சேர்த்து அடிப்பரப்பை அளக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. 2025 மார்ச்சில் வந்த துணை நெறிமுறை, வழித்தடத்துக்கான விகிதத்தை ஊரகப் பகுதிகளில் 30, நகராட்சி போன்ற நகர்ப்புறங்களில் 45, பெருநகரங்களில் 60 சதவீதம் என்று பிரித்தது. இவை மாநிலங்களுக்கான பரிந்துரைகளே. மாநில அரசு ஏற்றுக்கொண்டு ஆணை பிறப்பிக்கும்போதுதான் அந்த மாநிலத்தில் அவை நடைமுறைக்கு வரும். ஆகவே கைக்கு வரும் கடிதத்தில் எந்த அரசாணையின்படி தொகை கணக்கிடப்பட்டது என்று கேட்டு எழுதி வாங்குவது முதல் வேலை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஊரகப் பகுதியில் ஏக்கர் 20 லட்சம், அதாவது சென்ட் 20,000 ரூபாய் மதிப்புள்ள நிலத்தின் மீது 220 கிலோவோல்ட் மின்பாதை 100 மீட்டர் தொலைவுக்குச் செல்கிறது. இந்தப் பாதைக்கான வழித்தட அகலம் 35 மீட்டர் என்பதால் பாதிக்கப்படும் பரப்பு 3,500 சதுர மீட்டர், ஏறத்தாழ 86.5 சென்ட். அதன் மதிப்பு 17.3 லட்சம் ரூபாய். பழைய 15 சதவீதத்தின்படி 2.6 லட்சமும், புதிய 30 சதவீதத்தின்படி 5.19 லட்சமும் கிடைக்கும். கோபுரமும் அதே நிலத்தில் நின்று, அதன் அடிப்பரப்பு ஒரு மீட்டர் விளிம்பையும் சேர்த்து 12க்கு 12 மீட்டராக இருந்தால், சுமார் 3.6 சென்ட்டுக்கு 200 சதவீதமாக இன்னும் 1.42 லட்சம் சேரும். இதே 86.5 சென்ட்டை 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்திருந்தால், ஊரக நிலத்தின் சந்தை மதிப்பைப் பெருக்கும் எண்ணை மிகக் குறைவாக ஒன்று என்றே வைத்தாலும், சந்தை மதிப்போடு கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்ந்து 34.6 லட்சம் ரூபாய் கிடைத்திருக்கும்.

வழித்தட நிலம் உரிமையாளரிடமே இருக்கிறது, அதில் சோளமும் கடலையும் போடலாம், ஆகவே முழு விலை கேட்பது நியாயமன்று என்ற எதிர்வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் தென்னை வைக்க முடியாத, வீடு கட்ட முடியாத, வாங்க வருவோர் கம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் நிலத்தின் மதிப்பு 30 சதவீதம் மட்டுமே குறைந்திருக்கிறது என்று எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. கேரள மாநில மின்வாரியம் தொடர்பான லிவிஷா வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவுபடுத்தியது. நிலம் எங்கே இருக்கிறது, மின்பாதை எவ்வளவு தூரம் செல்கிறது, ஓரமாகப் போகிறதா அல்லது சிறு நிலத்தின் நடுவே போகிறதா, எந்த நோக்கத்துக்காக அந்த நிலம் வைக்கப்பட்டிருந்ததோ அந்த நோக்கமே கெட்டுவிட்டதா என்பவற்றையெல்லாம் பார்த்துத்தான் தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஐந்து ஏக்கர் தோட்டத்தின் வேலியோரமாகப் போகும் கம்பியும், முப்பது சென்ட் வீட்டுமனையின் குறுக்கே போகும் கம்பியும் ஒரே சதவீதத்துக்குள் அடங்க மாட்டா. நெறிமுறையிலுள்ள சதவீதத்தை உச்சவரம்பாகக் கருதாமல், பேச்சின் தொடக்கமாகக் கருத வேண்டும் என்பதே என் கருத்து. மாவட்ட நீதிபதி முன்னால் வைக்க வேண்டிய வாதமும் அதுதான்.

எரிவாயு, எண்ணெய்க் குழாய்களுக்கு 1962ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. கெயில் நிறுவனத்தின் குழாய்ப்பாதை கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியாகச் செல்வதை விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013இல் தமிழ்நாடு அரசு நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுசெல்லச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. அந்தப் போராட்டத்தின் உள்ளடக்கம் புரிய வேண்டுமானால் இந்தச் சட்டத்தின் 9, 10ஆவது பிரிவுகளைப் படிக்க வேண்டும். குழாய் செல்லும் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இந்தத் தடைகள் நிரந்தரமானவை. இதற்கு ஈடாக, பதிக்கும்போது நேரும் சேதத்துக்கான தொகையோடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் தரப்படும். மின்பாதைக்கான விகிதம் உயர்ந்துவிட்ட பிறகும் இந்தச் சட்டம் தன் பத்து சதவீதத்தோடேயே நிற்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. இரண்டு பாதுகாப்புகள் மட்டும் நினைவில் வைக்கத் தக்கவை. அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாகவோ நிலையான கட்டடத்தோடோ இருந்த நிலத்துக்கு அடியில் குழாய் பதிக்க முடியாது. தொகை போதாதென்று கருதினால் இங்கும் மாவட்ட நீதிபதியிடமே செல்ல வேண்டும்.

இன்னொரு வகை தற்காலிக உபயோகம். சாலைப் பணிக்கு மண் எடுக்க, ஜல்லி கொட்ட, தொழிலாளர் கொட்டகை போட என்று சில காலத்துக்கு மட்டும் நிலம் தேவைப்படலாம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தரிசு அல்லது விளைநிலத்தை இப்படி அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குப் பயன்படுத்த அனுமதிக்கிறது. காலம் முடிந்ததும் சேதத்துக்கான தொகையோடு நிலத்தைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். நிலம் முன்பு பயன்பட்ட வேலைக்கு நிரந்தரமாகவே உதவாததாக ஆகிவிட்டிருந்து, உரிமையாளரும் கேட்டால், அரசு அதை முழுவதுமாக எடுத்துக்கொண்டு விலை தர வேண்டும். ஒப்பந்ததாரரோடு வாய்ப்பேச்சாக ஏற்பாடு செய்துகொண்டவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

கவனக்குறைவால் நேரும் சேதம்

கரை உடைப்பு, தவறாக அமைத்த வடிகாலால் தேங்கும் வெள்ளம், வெட்டிய பள்ளத்தால் சரிந்த சுவர் ஆகியவற்றுக்கு நிர்ணயித்த சதவீதம் எதுவும் கிடையாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, அரசின் கவனக்குறைவையும் இழப்பின் அளவையும் நிரூபிக்க வேண்டும். அரசு தன் இறையாண்மை அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது நேரும் இழப்புக்குப் பொறுப்பாகாது என்ற பழைய கோட்பாடு 1960களில் வலுவாக இருந்தது. 1994இல் நாகேந்திர ராவ் வழக்கில், அதிகாரிகள் பறிமுதல் செய்த உரம் அவர்களுடைய அலட்சியத்தால் கெட்டுப்போனதற்கு அரசே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தபோது அந்தக் கோட்பாடு பெரிதும் சுருங்கியது.

கரை உடைப்புக்கு அதைவிடப் பழைய, நேரடியான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பஞ்சாப் அரசுக்கும் மாடர்ன் கல்டிவேட்டர்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், கால்வாய் உடைந்து விளைநிலம் மூழ்கியதற்கு அரசைப் பொறுப்பாக்கி 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் கால்வாய்க் கரை சாதாரணமாக உடைவதில்லை. உடைந்தது என்பதே கவனக்குறைவுக்கு முதல் சான்று. வேறு காரணம் இருந்தால் அதைக் காட்ட வேண்டியது கரையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் அரசு. பராமரிப்புப் பதிவேடுகள் அனைத்தும் அரசுத் துறையின் அலமாரியில் இருக்கும்போது, அவற்றில் ஒன்றையும் பார்க்க முடியாத விவசாயியிடம் நிரூபிக்கச் சொல்வது அநீதி என்பதை இந்த அணுகுமுறை உணர்ந்திருக்கிறது. அசாதாரணப் பெருமழையால் மட்டுமே உடைந்தது என்று அரசு நிறுவினால் இந்தச் சாதகம் நழுவிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

புயலுக்கும் வெள்ளத்துக்கும் பின் அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையை இந்த இழப்பீட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பேரிடர் நிதியிலிருந்து எல்லோருக்கும் பொது அளவில் தரப்படும் உதவி. யாருடைய தவறும் அதில் ஆராயப்படுவதில்லை. அதைப் பெற்றுக்கொண்டதால் கரை உடைப்புக்கான வழக்கு தானாக அடைபட்டுப் போவதும் இல்லை.

அரசுத் துறையாலோ பொதுத்துறை ஆலையாலோ மண்ணும் நீரும் மாசுபட்டிருந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கோரும் மனுவை ஐந்து ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இழப்பீடு கிடைக்காத இழப்புகளும் உண்டு. ஊரமைப்பு விதிகளோ கடலோர ஒழுங்குமுறை விதிகளோ கட்டடத்தின் உயரத்தையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்துவதால் மனையின் விலை குறைந்தால், பொதுவாக அதற்குப் பணம் கேட்க முடியாது. ஆனால் பூங்காவுக்கு என்றோ சாலைக்கு என்றோ வரைபடத்தில் ஒதுக்கிவிட்டு வாங்காமலேயே விட்டுவைப்பது வேறு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, குறித்த மூன்று ஆண்டுக் காலத்துக்குள் எடுப்பு நடவடிக்கை வராவிட்டால் அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கொள்ளப்படும் என்கிறது.

சான்றும் கெடுவும்

இழப்பீட்டு வழக்குகளில் உரிமையாளர் தோற்பது பெரும்பாலும் சட்டம் இல்லாததால் அன்று, சான்று இல்லாததால். இயந்திரம் நிலத்தில் இறங்கிய பின் முன்பிருந்த நிலையை யாரும் காட்ட முடியாது. எனவே அளவைக் கல் நடும்போதே, நின்ற மரங்களை வயதோடும் எண்ணிக்கையோடும் பட்டியலிட்டு, தேதி தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் நடப்பு ஆண்டின் அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், பயிர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சாலைக்காகவோ பாதைக்காகவோ போகும் இடத்தைப் புல வரைபடத்தில் குறித்து வாங்க வேண்டும். பயிரை வேளாண்மைத் துறையும், காய்க்கும் மரங்களைத் தோட்டக்கலைத் துறையும், மற்ற மரங்களை வனத்துறையும் மதிப்பிடுவது வழக்கம். அந்த மதிப்பீட்டு நாளில் உடனிருந்து, விடுபட்டவற்றை அப்போதே எழுதிக் கொடுப்பது பின்னால் பத்து மனுக்கள் கொடுப்பதைவிடப் பயன் தரும். பக்கத்து நிலங்களின் அண்மைக் கிரயப் பத்திர நகல்கள், வழிகாட்டி மதிப்பு குறைவு என்று வாதிடுவதற்கான கருவிகள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள், தொகை நீதிமன்ற வைப்பில் முடங்கிவிடாமல் இருக்க, வாரிசுச் சான்றையும் பட்டா மாற்றத்தையும் முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டும்.

தொகையை வாங்கும்போது, ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆட்சேபணை இல்லாமல் வாங்கியவர் பிறகு கூடுதல் கேட்டு விண்ணப்பிக்க முடியாது. இந்த ஒரு வரியை எழுதாததால் உரிமையை இழந்தவர்கள் உண்டு. எழுதிவிட்டால் கையில் பணமும் இருக்கும், வழக்கும் இருக்கும். மற்றச் சட்டங்களின் கீழ் பணம் வாங்குவோரும் இதே வரியை எழுதுவது நல்லது.

கெடுவில் ஏமாறக் கூடாது. நில எடுப்புத் தீர்ப்பு சொல்லப்படும்போது நேரிலோ பிரதிநிதி மூலமோ இருந்தவர் ஆறு வாரங்களுக்குள் மேல்விசாரணைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அறிவிப்பு வந்த ஆறு வாரங்கள் அல்லது தீர்ப்பு நாளிலிருந்து ஆறு மாதங்கள், இவற்றில் எது முன்னதாக முடிகிறதோ அதுவே கெடு. ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலால் நேர்ந்த சேதத்துக்கான உரிமையியல் வழக்குக்குக் காலவரைச் சட்டத்தின் 72ஆவது உறுப்பு ஓராண்டு மட்டுமே தருகிறது. கரையைப் பராமரிக்காமல் விட்டது எந்தச் சட்டத்தின்படியும் செய்த செயல் ஆகாது என்று மேலே சொன்ன பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருதியதால் அங்கே குறுகிய கெடு பொருந்தவில்லை. ஆனால் அந்த வாதத்தை நம்பி இரண்டாம் ஆண்டு வரை காத்திருப்பது அறிவுடைமை அன்று. அரசின் மீது உரிமையியல் வழக்குத் தொடுக்கும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த இரண்டு மாதம் கெடுவில் கணக்கிடப்படாது என்றாலும், முன்னறிவிப்பை ஓராண்டு முடிவதற்குள் தந்துவிட வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்குவோர், ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வெள்ளம் போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலேயே இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. நிலம் மனைவி பெயரிலோ தாயின் பெயரிலோ இருந்தால் அவர்களே விண்ணப்பதாரர் ஆகலாம்.